மண்டியில் மூட்டை தூக்கும் தம்பிக்கு இடுப்பு பெல்ட் வாங்கிக் கொடுக்கலாமா?

உங்கள் தம்பிக்கு 26 வயது, அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிறார், 8 மாதத்தில் இரண்டு முறை இடுப்பு பிடித்துப் படுத்துவிட்டார். பெல்ட் வாங்கிக் கொடுக்கலாமா, என்ன உடற்பயிற்சி செய்யலாம், முழங்காலை மடக்கித் தூக்கு என்றால் கேட்க மாட்டேன் என்கிறாரே, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெல்ட் பெரிதாக உதவாது. உடற்பயிற்சி கொஞ்சம் உதவும். முழங்கால் விஷயத்தில் உங்கள் தம்பி பக்கம்தான் நியாயம் இருக்கிறது. மூன்றையும் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால், அவர் எந்த உயரத்திலிருந்து மூட்டையை எடுக்கிறார் என்பதைப் போய்ப் பாருங்கள். பாதி விடை அங்கே இருக்கிறது.

நான் 18 வருடமாக பிசியோதெரபி பார்க்கிறேன். கிளினிக் ஒரு மொத்த வியாபாரச் சந்தைக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பதால் வருகிறவர்களில் பாதிப் பேர் லோடுமேன்கள். தொழிலுக்கு வந்த புதிதில் கையில் ஒரு படத்தை எடுத்துக்கொண்டு சந்தைக்கே போனேன். முதுகு நேராக, முழங்கால் மடங்கி, பெட்டியை மார்போடு அணைத்து ஒருவர் தூக்குவாரே, அந்தப் படம். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு பெரியவர், "சார், இந்தா இருக்குது மூட்டை. நீங்க சொன்ன மாதிரி ஒண்ணு தூக்கிக் காட்டுங்க" என்றார். நான் குந்தினேன். மூட்டை வயிறு பெருத்துக் கிடக்கிறது, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் நுழையவில்லை. முழங்காலுக்கு முன்னால் தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று. அப்படித் தள்ளிப் பிடித்தால் குனிந்து தூக்குவதைவிட மோசம். அவர் சிரித்துவிட்டு, "தரையில கிடக்கிறத யாரு சார் ஒத்தையா தூக்குவா?" என்று கேட்டார். அன்றைக்கு நான் கற்றுக்கொண்டதுதான் அதிகம்.

ஏன் மோசம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. பழைய சந்தைகளில் வெள்ளிக்கோல் என்று ஒன்று இருந்தது. கோலின் குட்டையான பக்கம் பெரிய மூட்டை தொங்கும், நீளமான பக்கம் சின்ன எடைக்கல்லை நகர்த்தினாலே போதும், சமமாகிவிடும். நம் இடுப்பிலும் அதே கோல்தான், ஆனால் தலைகீழாக. முதுகெலும்பைத் தாங்கிப் பிடிக்கும் தசை எலும்பிலிருந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டர்தான் பின்னால் இருக்கிறது. மூட்டையோ 40 சென்டிமீட்டர் முன்னால். அதாவது 50 கிலோ மூட்டைக்கு அந்தத் தசை 400 கிலோ அளவுக்கு இழுத்தாக வேண்டும். அந்த இழுப்பு முழுவதும் கீழ் முதுகில் எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் வட்டுகளை, அதாவது டிஸ்குகளை, அழுத்துகிறது. தம்பியின் மேலுடம்பு எடை வேறு கூடுதல்.

அமெரிக்காவின் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் 1991இல் இதற்கு ஒரு சமன்பாடு கொடுத்தது. எல்லாம் சாதகமாக இருந்தால், அதாவது பொருள் உடம்பை ஒட்டி, இடுப்புக்குச் சற்றுக் கீழே 75 சென்டிமீட்டர் உயரத்தில், திரும்பாமல், எப்போதோ ஒரு முறை தூக்குவதானால், 23 கிலோ. அதுதான் உச்சம். 25 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் 23 கிலோ, 50 சென்டிமீட்டர் தள்ளிவிட்டால் பாதி, பதினொன்றரை. தரையில் கிடக்கும் மூட்டையை 40 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏற்றுவதாகப் போட்டுப் பார்த்தேன். பத்து கிலோ அளவில்தான் வந்தது. தம்பி தூக்குவது 50. இரண்டு கையால் தூக்கி இறக்குவதற்கான கணக்கு இது, தலையிலும் தோளிலும் சுமந்து நடப்பதற்குப் பொருந்தாது. இருந்தாலும் எது ஆபத்து என்று காட்டிவிடுகிறது. தரையிலிருந்து எடுக்கும் அந்த இரண்டு விநாடிதான்.

இதை அனுபவமுள்ள லோடுமேன்கள் படிக்காமலே தெரிந்து வைத்திருக்கிறார்கள். லாரியின் தளம் நெஞ்சு உயரத்தில் இருக்கும். மேலே நிற்பவர் மூட்டையை விளிம்புக்கு நகர்த்துவார், கீழே நிற்பவர் முதுகைக் காட்டி நின்று பிடரியிலும் தோளிலும் வாங்கிக்கொள்வார். குனிவதே இல்லை. சுமை முதுகெலும்புக்கு நேர் மேலே வந்துவிடுவதால் வெள்ளிக்கோலின் நீளப் பக்கம் காணாமல் போய்விடுகிறது. குடோனில் அட்டியின், அதாவது மூட்டைக் குவியலின், தோளுயர அடுக்கில் அப்படியே சரித்துவிடுவார். தரையில் விழுந்துவிட்ட மூட்டையை இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துத் தூக்கி ஏற்றிவிடுவார்கள்.

நம் ஊர்ப்புறங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். பெரும்பாலும் பிரசவமாகாமல் கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக நிறுத்தியது. அதன் உயரத்தைக் கவனித்தால் தெரியும், தலைச்சுமையோடு வருகிறவர் யார் உதவியும் இல்லாமல், குனியாமல் இறக்கி வைத்து, மறுபடி அப்படியே ஏற்றிக்கொள்ளும் உயரம். நடந்து வருகிறவரிடம் "உடம்பைப் பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போகாமல் வழியில் ஒரு கல்லை நட்டு வைத்தார்கள். உடம்புக்கு ஏற்ப வேலையை அமைக்கும் எர்கனாமிக்ஸ் என்று கோட் போட்டுக்கொண்டு நாங்கள் பேசுவது மொத்தமும் அந்தக் கல்தான்.

ஆகவே தம்பி வேலை செய்யும் இடத்தில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு மண்டியில் எல்லோருக்கும் இடுப்பு வலி. காரணம் எடை போடும் இடம். லாரியிலிருந்து மூட்டையை முதுகில் வாங்கி வந்து, தரையோடு தரையாக இருந்த எலக்ட்ரானிக் தராசில் போடுவார்கள். எடை பார்த்ததும் மறுபடி தரை மட்டத்திலிருந்து தூக்க வேண்டும். மூட்டை ஒன்றுக்கு இப்படி ஒரு தேவையில்லாத குனிவு, ஒரு நாளில் 200 முறை. தராசை இரண்டரை அடி உயர மேடையில் ஏற்றி வைக்கச் சொன்னேன். முதலாளி முதலில் முகம் சுளித்தார், அப்புறம் செங்கல் அடுக்கிக் கட்டிவிட்டார். ஆகிற செலவு ஒரு நாள் கூலிக்குப் பக்கம். நான் கொடுத்த எந்தப் பயிற்சியும் அந்த மேடை அளவுக்கு வேலை செய்யவில்லை.

அதே மாதிரி, கீழ் அடுக்கு மூட்டைகள் வெறும் தரையில் கிடந்தால் அடியில் பேலட் என்கிற மரத்தட்டைப் போடச் சொல்லுங்கள். அரிசியில் ஈரம் ஏறாது என்று சொன்னால் முதலாளி உடனே போடுவார், முதுகுக்காக என்றால் போட மாட்டார். கசப்பாக இருந்தாலும் நடைமுறை இதுதான். டிராலி வைத்திருந்தும் பயன்படுத்துவதில்லை என்றால் சக்கரத்தைப் பாருங்கள். குண்டும் குழியுமான தரையில் சின்ன இரும்புச் சக்கரம் சிக்கும், இழுத்துப் பறிக்கையில் தோள் போகும். காற்றடைத்த பெரிய சக்கரம் மாற்றினால் தானாகவே எல்லோரும் தள்ள ஆரம்பிப்பார்கள். இழுப்பதைவிடத் தள்ளுவது நல்லது, கைப்பிடி இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இருக்க வேண்டும்.

பிளாஸ்டிக் சாக்கு வந்த பிறகு இன்னொரு தொல்லை. கோணியில் விரல் பிடிக்கும், கொக்கி போடலாம். பிளாஸ்டிக் வழுக்கும், கொக்கி போட்டால் கிழியும். மூட்டை நழுவும்போது சட்டென்று எட்டிப் பிடிக்கிறோமே, அந்த ஒரு வெட்டில் போன முதுகுகள் என்னிடம் ஏராளம். தம்பிக்கு நான் சொல்லும் முதல் விதி: நழுவினால் விட்டுவிடு. சிந்தினால் அள்ளிக்கொள்ளலாம். ஈரத் தரையில் தேய்ந்த ஹவாய் செருப்போடு நடப்பதும் இதே ரகம். பெல்ட்டுக்கு வைத்திருக்கும் பணத்தில் அடிப்பாகம் பிடிமானமுள்ள ஷூ வாங்கிக் கொடுங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று நேரம். முதுகெலும்பின் வட்டுகள் இரவில் படுத்திருக்கும்போது நீரை உறிஞ்சி உப்புகின்றன. காலையில் நாம் ஓரிரு சென்டிமீட்டர் உயரம் கூடியிருப்பது அதனால்தான். உப்பிய வட்டு குனிவதைத் தாங்காது. எழுந்து நடமாடிய முதல் ஒரு மணி நேரத்துக்குள் அது கொஞ்சம் தணியும். சந்தை வேலையில் என்ன நடக்கிறது? விடியற்காலை மூன்று மணிக்கு லாரி வந்து நிற்கும், மூட்டைக்கு நடுவிலேயே தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பி நேராக இறக்கச் சொல்வார்கள். தம்பிக்கு இரண்டு முறையும் எந்த நேரத்தில் பிடித்தது என்று கேளுங்கள். விடிகாலை என்று சொன்னால் ஆச்சரியப்பட மாட்டேன். எழுந்ததும் கால் மணி நேரமாவது நடந்து, டீ குடித்து, முதல் பத்து மூட்டையை மேலிருந்து வாங்கும் வேலையாக எடுத்துக்கொள்வது நல்லது. ராத்திரி முழுக்க லாரியில் குலுங்கி உட்கார்ந்து வந்தவர் இறங்கியதும் தூக்குவதும் இதே ஆபத்துதான்.

அடுத்தது கூலி முறை. இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி இருக்கும் வரை ஓய்வெடுக்கிற ஒவ்வொரு நிமிடமும் பணம். "மணிக்கொரு முறை ஓய்வெடுங்கள்" என்று டாக்டர் எழுதிக் கொடுப்பது லோடுமேன் காதில் "கூலியைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்றுதான் விழும். தசை களைத்த பிறகுதான் கால் தடுமாறும், முதுகு வளையும், பெரும்பாலும் கடைசி முப்பது மூட்டையில் அடி விழும். நான் பார்த்ததில் வேலை செய்த ஒரே வழி, சேர்ந்து லோடு இறக்கும் குழுவான செட்டுக்குள் வேலையை மாற்றிக்கொள்வது. ஆறு பேர் உள்ள செட்டில் மேலிருந்து நகர்த்துபவர், சுமப்பவர், அட்டி அடுக்குபவர் என்று மூன்று வேலை இருக்கும். பொதுவாக இளவட்டத்தைச் சுமக்க விட்டுவிட்டு மூத்தவர் அடுக்குவார். அப்படியில்லாமல் ஒவ்வொரு லாரிக்கும், அல்லது ஐம்பது மூட்டைக்கு ஒரு முறை, வேலையை மாற்றிக்கொண்டால் கூலி குறையாது, ஒரே தசை நாள் முழுக்க அடிவாங்குவதும் குறையும். கூலியை மொத்தமாகப் பிரித்துக்கொள்ளும் செட்டுகளில் இது எளிது. தம்பி புதியவர் என்றால் அவர் வாயால் கேட்பது கஷ்டம், மேஸ்திரியிடம் நீங்கள் பேசிப் பாருங்கள்.

எடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967இல் அதிகபட்ச எடை பற்றி ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. அதோடு வந்த பரிந்துரை, வயது வந்த ஆண் ஒருவர் தூக்கிச் சுமக்க 55 கிலோவை மேல் வரம்பாக வைக்கிறது. இந்தியா அந்த உடன்படிக்கையை 2010இல் ஏற்றது. "55 வரைக்கும் பரவாயில்லையாம்" என்று மண்டிக்காரர்கள் இதைத்தான் காட்டுவார்கள். 55 என்பது தாண்டக் கூடாத வரம்பு. பாதுகாப்பான எடை என்று யாரும் சொல்லவில்லை. மேலே சொன்ன 23ஐ நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் இங்கே தானியமும் சர்க்கரையும் 100 கிலோ மூட்டையில் வந்தன, போராடித்தான் 50 ஆயிற்று. டெல்டாவில் அரசு நெல் கொள்முதல் நிலையங்களில் மூட்டை 40 கிலோ. வீட்டுக்கு வாங்கும் அரிசி 25 கிலோ சிப்பமாக வருகிறதே, அது வந்த பிறகு சில்லறைக் கடைப் பையன்களின் முதுகு தப்பித்தது. சிமென்ட் இங்கே இன்னும் 50, ஐரோப்பாவில் பல நாடுகளில் 25. ஒன்று மட்டும் கவனம்: சிப்பம் சின்னதாயிற்று என்று இரண்டை ஒன்றாகப் பிடரியில் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். மூட்டைக்கணக்குக் கூலி செய்யும் வேலை அது.

சரி, பெல்ட். நியோஷ் 1994இலேயே, அடிபடாத ஆட்களை பெல்ட் காப்பாற்றும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. பிறகு அமெரிக்காவில் ஒரு பெரிய சில்லறைக் கடைச் சங்கிலியின் 9,000க்கும் மேற்பட்ட ஊழியர்களிடம் விசாரித்து 2000இல் ஓர் ஆய்வு வெளியானது. தினமும் பெல்ட் கட்டியவர்களுக்கும் கட்டாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. பளு தூக்கும் வீரர் கட்டுகிறாரே என்பீர்கள். அவர் ஒரு தூக்குக்குக் கட்டி உடனே அவிழ்த்துவிடுகிறார். நம் ஆட்கள் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டுவதும் அப்படித்தான், கெடுதல் இல்லை, ஒரு தைரியம். அந்தத் தைரியத்தில் கூடுதலாக ஒரு மூட்டை ஏற்றாமல் இருந்தால் சரி. வலி வந்து தேறி வரும் நாட்களில் ஒரு வாரம் பத்து நாள் கட்டிக்கொள்ளலாம்.

"சரியாகத் தூக்கும் முறை" பயிற்சிக்கும் இதே கதிதான். ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பு, தூக்கும் முறையைச் சொல்லிக்கொடுப்பது மட்டும் முதுகு வலியைத் தடுக்கவில்லை என்று 2011இல் எழுதியது. என் தொழிலில் இருப்பவர்களுக்கு இது கொஞ்சம் வலிக்கும் செய்தி.

உடற்பயிற்சிக்கு மட்டும் நல்ல பெயர். 2016இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், உடற்பயிற்சியும் விளக்கமும் சேர்ந்தால் முதுகு வலி வரும் வாய்ப்பு ஏறத்தாழ 45 சதவீதம் குறைந்தது. அதே ஆய்வில் பெல்ட் தேறவில்லை. "நாள் முழுக்க மூட்டை தூக்குறேன், இதைவிட என்ன எக்சர்சைஸ்?" என்று தம்பி கேட்பார். மூட்டை தூக்குவது ஒரே தசையை, ஒரே திசையில், களைத்த பிறகும் விடாமல் இழுப்பது. உடம்பு பலப்படுவது உழைப்புக்கும் அடுத்த உழைப்புக்கும் நடுவில் கிடைக்கும் ஓய்வில்தான், அது அங்கே கிடையாது. நான் கொடுப்பது மூன்றே மூன்று. நாலு காலில் நின்று வலது கையையும் இடது காலையும் நீட்டி பத்து விநாடி, பிறகு மாற்றி. ஒருக்களித்து முழங்கையை ஊன்றி இடுப்பைத் தூக்கி நிற்பது. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்துவது. பத்து நிமிடம், வாரம் மூன்று நாள், வேலை இல்லாத நேரத்தில். காலையில் எழுந்ததும் குனிந்து கால் விரலைத் தொடும் பயிற்சி வேண்டாம், காரணம் மேலே சொன்ன உப்பிய வட்டு.

தோளுக்கும் முழங்காலுக்கும் ஒரு வார்த்தை. ஒரே தோளில் சுமக்கும் பழக்கம் இருந்தால் பக்கம் மாற்றட்டும். கையைத் தோளுக்கு மேலே தூக்கும்போது மட்டும் வலித்தால், அட்டியின் மேல் அடுக்குக்கு எட்டி எறிவதை நிறுத்தி, மூட்டைகளையே படி போல அடுக்கி ஏறிப் போடச் சொல்லுங்கள். முழங்கால் தேய்வது பெரும்பாலும் சுமையோடு பலகையிலும் படியிலும் இறங்குவதால், ஏறுவதால் அவ்வளவு இல்லை.

இனி வலி வந்துவிட்டால். முதல் நாள், இரண்டாம் நாள் படுக்கலாம், அதற்கு மேல் படுக்கையில் கிடந்தால் குணமாவது தள்ளிப்போகும். மெதுவாக நடக்க வேண்டும். பெரும்பாலான இடுப்புப் பிடிப்பு ஆறு வாரத்துக்குள் தானாகவே தணியும். கால் முன்னால் வரப் பிறந்தவர் வந்து மிதித்தால் சரியாகும் என்று ஊரில் சொல்வார்களே, அதற்கு நல்ல பெயர் கிடைப்பதும் இதனால்தான். மிதிக்க மட்டும் விடாதீர்கள். ஒத்தடம் கொடுங்கள். ஸ்கேன் எடுத்து "டிஸ்க் பிதுங்கியிருக்கு" என்று வந்தால் பயப்பட வேண்டாம், வலியே இல்லாதவர்களிலும் ஐம்பது வயதில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அப்படித்தான் தெரியும்.

நான் பயப்படுவது ஊசிக்கு. வலி ஊசி ஒன்றைப் போட்டுக்கொண்டு அன்று மாலையே லோடு ஏற்றப் போய்விடுகிறார்கள். வலி மறைகிறது, காயம் அங்கேயே இருக்கிறது. வெயிலில் வேர்த்து, தண்ணீர் குடிக்காமல், நாள்தோறும் வலி மாத்திரை போட்டால் சிறுநீரகம் கெடும். சாயங்காலம் வலிக்குக் குடிப்பது இன்னொரு கதை, அதை நீங்கள் அறிவீர்கள்.

மலம், சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, பிறப்புறுப்பைச் சுற்றியும் பின்பக்கத்திலும் மரத்துப் போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கினாலோ அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். காய்ச்சலோடு வரும் முதுகு வலியும் அப்படியே.

தம்பி உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறாரா என்று பாருங்கள். 1982இல் தமிழ்நாடு இயற்றிய உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வருவது, மண்டி முதலாளி யாரென்றே எழுத்தில் இல்லாதவர்களும் சேரலாம். விபத்தில் ஊனமானால் உதவித்தொகை உண்டு. அடிபட்ட பிறகு பதிவு செய்யப் போனால் பயனில்லை.

வேலைக்குத் திரும்பும்போது முதல் வாரம் அட்டி அடுக்குவதும் மேலிருந்து நகர்த்துவதும் மட்டும், அரை நாள். இரண்டாம் வாரம் 25 கிலோ சிப்பம். மூன்றாம் வாரம் முழு மூட்டை, ஆனால் லாரி உயரத்திலிருந்து முதுகில் வாங்குவது மட்டும். தரையிலிருந்து எடுக்கும் வேலையை ஒன்றரை மாதத்துக்கு வேறு யாராவது பார்க்கட்டும், அப்புறமும் இரண்டு பேராகவே எடுக்கட்டும்.